முன்னாடி நிக்கிற ஆள்

ராயஸ்: ...அப்போ ஓடைக்கு இந்தப் பக்கம் கூடாரம். காலையில காத்து மலையிலேர்ந்து கீழ இறங்கும். நாம கீழேர்ந்து ஏறினா நம்ம வாடை எல்க் மானுக்குப் போகாது.

ஹார்லன்: வெயில் ஏறினா காத்து திரும்பிடுமே மாமா?

ராயஸ்: அதுக்குள்ள மேல போய் உக்காந்துடணும். வாடை பட்டுச்சுன்னா மலைக்கு அந்தாண்ட போயிடும். அப்புறம் வெறுங்கையோட வீடுதான்.

லோரீன்: மேப்பை நகத்துங்க, சூடான சட்டி வருது. ரெண்டு பேரும் கைடு வேண்டாம், குதிரை வேண்டாம்னு குதிக்கிறீங்களே... அவ்ளோ பெரிய மிருகம் விழுந்தா யாரு சுமக்கிறது?

ராயஸ்: தொடை தொடையா அறுத்து முதுகுல கட்டிட்டு வருவோம்.

லோரீன்: நீங்க? போன வாரம் மளிகைப் பையையே என் தலையில கட்டினீங்க.

ராயஸ்: அது... போன் வந்துச்சு.

ஹார்லன்: விடுக்கா. எட்டு வருஷம் கழிச்சு மாமாவுக்குக் குலுக்கல்ல பேரு வந்திருக்கு. அந்தப் பள்ளத்தாக்குல வில் வேட்டைக்கு பெர்மிட் கிடைக்கிறதுன்னா சும்மாவா? இந்த செப்டம்பரை விட்டா மறுபடி வரிசையில கடைசி ஆளு.

ராயஸ்: உனக்கும்தானே வந்திருக்கு மச்சான்.

ஹார்லன்: ஆங்... ஆமா, ஆமா.

ராயஸ்: அதனால நீ முன்னாடி நில்லு. நான் நல்லாப் பின்னாடி தள்ளி நின்னு குழல்ல ஆண் எல்க் மாதிரி ஊதறேன். எவனோ ஒருத்தன் சண்டைக்குக் கூப்பிடறான்னு கொம்பன் என்னைத் தேடி வருவான். உன்னைத் தாண்டித்தான் வரணும். அம்பை விடு.

ஹார்லன்: நானா? சேச்சே... காத்திருந்தது நீங்க. நீங்க முன்னாடி நில்லுங்க, நான் ஊதறேன்.

ராயஸ்: நீ ஊதினா கழுதைக்குச் சளி பிடிச்ச மாதிரி இருக்கும்.

ஹார்லன்: நீங்க ஊதினப்ப மட்டும் என்ன வந்துச்சாம்? பக்கத்து வீட்டு நாய்!

ராயஸ்: டேய், பெரியவன் சொல்றேன்...

ஹார்லன்: பெரியவர்னுதான் மாமா விட்டுக் குடுக்கறேன்.

லோரீன்: ஊர்ல எல்லாரும் நான்தான் அம்பு விடுவேன்னு அடிச்சுக்குவாங்க. இங்க என்ன தலைகீழா இருக்கு? ஹார்லன், பெர்மிட்டைக் காட்டு.

ஹார்லன்: வண்டியில இருக்கு.

லோரீன்: போய் எடுத்துட்டு வா.

ஹார்லன்: வெளியில குளிருதுக்கா...

லோரீன்: ஆகஸ்ட் மாசத்துலயா?

ராயஸ்: மச்சான்?

ஹார்லன்: இல்ல மாமா. பெர்மிட் இல்ல. மாடு கன்னு போடற சமயம்... கொட்டகையே கதின்னு கிடந்தேன். பேரு குடுக்கக் கடைசி நாள் போயே போச்சு. உங்களுக்கு வந்துடுச்சுன்னு நீங்க துள்ளிக் குதிச்சப்ப எனக்கும் வந்துச்சுன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அப்புறம் எப்படி முழுங்கறது?

ராயஸ்: அதான் கைடு வேண்டாம்னியா!

ஹார்லன்: கைடு வந்தா மொதல்ல பெர்மிட்டைத்தானே கேப்பான். பெர்மிட் இல்லாம அம்பு விடக் கூடாது, கூட நின்னு ஊதலாம். அதுவாவது செய்யலாம்னு பாத்தேன். சரி, நல்லாத் திட்டிக்கோங்க. ஆனா இனிமே நீங்கதான் முன்னாடி.

ராயஸ்: அது... அதுவும் சரிப்படாது மச்சான்.

ஹார்லன்: ஏன் மாமா?

லோரீன்: தோளைப் பத்திச் சொல்லுங்க.

ராயஸ்: எந்தத் தோள்?

லோரீன்: குளிர்காலத்துலேர்ந்து அந்தப் பக்கம் புரள முடியாம முனகறீங்க. பக்கத்துல படுக்கறவளுக்குக் காது இல்லையா?

ராயஸ்: ...தசைநார் கிழிஞ்சிருக்காம். இனிமே வில்லைத் தொடாதேன்னுட்டார் டாக்டர். கேக்காம இழுத்துப் பாத்தேன். பாதிகூட வரல. கைடுன்னா கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு அம்பு விட்டுக் காட்டச் சொல்வான், குட்டு உடைஞ்சிடும். எட்டு வருஷம்டா... ஒரு காலை நேரமாவது அந்த மலையில நிக்கணும்னு இருந்துச்சு. கொம்பன் உன் அம்புல விழுந்தாக்கூட எனக்குச் சந்தோஷம்தான். அழுகையா வருது, போ.

ஹார்லன்: ஐயோ மாமா... இப்போ பெர்மிட் இருக்கிறவருக்குக் கை இல்ல, கை இருக்கிறவனுக்கு பெர்மிட் இல்ல. ரெண்டு பேரும் பின்னாடி நின்னு ஊதினா முன்னாடி யாரு? கரடியா?

ராயஸ்: மேப்பை மடி மச்சான். சாப்பிடலாம்.

லோரீன்: மடிக்காதே.

ராயஸ்: ஏன் லோரீன், இன்னும் என்ன இருக்கு?

லோரீன்: குலுக்கல்ல நானும் பேரு குடுத்திருந்தேன், அதே பள்ளத்தாக்குக்கு. மொதல் தடவையே விழுந்துடுச்சு. எட்டு வருஷம் காத்திருந்த மனுஷன்கிட்ட அதை எந்த வாயால சொல்றது? நீங்க வேலைக்குப் போனதும் கொட்டகைக்குப் பின்னாடி தினம் அம்பு விட்டுப் பழகிட்டிருக்கேன்... ரெண்டு பேரும் எவ்ளோ வேணா ஊதுங்க, முன்னாடி நான் நிக்கிறேன்.