ஜெயமலர் அக்காவின் புதன்கிழமை

முதலில் தேநீரைக் குடியுங்கள், பிள்ளை. ஆறினால் மேலே ஆடை கட்டிவிடும். பிறகு மரியாதைக்காக அதையும் விழுங்கி முகத்தைச் சுளிப்பீர்கள். லுசேர்ணிலிருந்து ரயிலேறி வந்த களைப்பு வேறு.

நீங்கள் ஏன் வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நின்றுபோன உங்கள் கைக்கடிகாரத்தை உங்கள் சின்னம்மா ஜெயமலர் அக்கா, முதியோர் இல்லத்தில் இருந்தபடியே, கொண்டை ஊசியால் திறந்து ஓடவைத்துத் தந்துவிட்டாராம். புத்தி தடுமாறியவர் என்று வைத்தியர் முடிவு செய்த ஒருவரால் இது எப்படி முடியும் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. பதிலை ஆறுதலாகச் சொல்கிறேன். அவசரமாகச் சொன்னால் நான் கெட்டவன்போலத் தெரிவேன்.

இதே இடத்தில்தான் நகரசபையின் பழைய அடுக்குமாடி நின்றது. அதற்கு நான் அப்வார்ட். வீட்டுக் காப்பாளர் என்றால் கௌரவமாக இருக்கும். செய்தது படிக்கட்டுக் கூட்டுவதும் அடைத்த குழாயைத் திறப்பதும் சண்டை விலக்குவதும். சுவரெல்லாம் பூஞ்சணம். மின்தூக்கி தனக்கு மனம் வந்தால் மட்டும் ஏறும். சுவிஸில் இந்தப் பீல் நகரத்தில் வாடகை குறைந்த இடம் அதுதான் என்பதால் எங்கள் ஆட்கள் பாதி, மற்ற நாட்டவர் பாதி.

ஒருநாள் நகரசபை எங்களைக் கூட்டி வைத்து, இதை இடித்துவிட்டு எல்லா வருமானக்காரரும் கலந்து வாழும் புதுக் குடியிருப்பு கட்டப்போவதாகச் சொன்னது. கட்டடக் கலைஞர் மட்டையில் செய்த மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் சின்னச் சின்ன வெள்ளை மனிதர்கள் நாய் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஒருவர்கூட அரிசி மூட்டை தூக்கவில்லை. வைத்தியரும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரே இயந்திரத்தில் துவைப்பார்கள் என்று அவர் பெருமையாகச் சொன்னார். மூன்றாம் மாடித் தில்லைநாதன் அண்ணை எழுந்து, வைத்தியர் தன் முறைநாளில் மட்டும் துவைப்பாரா என்று என்னை மொழிபெயர்த்துக் கேட்கச் சொன்னார். கேட்டேன். சிரித்தது நாங்கள் மட்டும்தான்.

பழைய ஆட்களுக்கும் குறைந்த வாடகையில் சில வீடுகள் ஒதுக்கினார்கள். அதிக காலம் இருந்தவருக்கு முதல் உரிமை. இடமும் அவரவர் தெரிவு. உங்கள் சின்னம்மா கீழ்த்தள மூலை வீட்டைக் கேட்டார். முழங்கால் வலிக்கு அதுதான் தோது, சின்னத் தோட்டமும் உண்டு. உங்கள் சித்தப்பாவைப் பறிகொடுத்த பிறகு அவர் முகம் மலர்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மிளகாய்க் கன்று எங்கே வைப்பது என்றுகூட என்னிடம் சொன்னார்.

அவர் வராவிட்டால் வரிசையில் அடுத்தவன் நான். எனக்கு இருந்தது வேலையோடு வந்த வீடு. புதுக் கட்டடத்துக்கு அப்வார்ட் தேவையில்லை, வண்டியில் வந்து கூட்டிவிட்டுப் போக ஒரு நிறுவனம் இருக்கிறது என்றார்கள். இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. வரிசை எப்படி நின்றது என்று மட்டும் சொல்கிறேன்.

என் கவலை வேறு. தனியே இருக்கும் ஒரு பெண், வயது ஏறிக்கொண்டு போகிறது, பிள்ளைகளும் இல்லை. யார் பார்ப்பார்கள்? நீங்களோ லுசேர்ணில், வருடத்துக்கு ஒருமுறை தைப்பொங்கலுக்கு எட்டிப் பார்ப்பவர். குறையாகச் சொல்லவில்லை, பிள்ளை. உண்மையாக அவரைப் பற்றி யோசித்தவன் நான் ஒருவன்தான்.

சலவை அறையில்தான் தொடங்கியது. இந்த நாட்டில் கணவன் மனைவியை மாற்றினாலும் மன்னிப்பார்கள், அடுத்தவர் முறைநாளில் துவைத்தால் மன்னிக்கமாட்டார்கள். எங்கள் பலகையில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு கொக்கி, அதில் வீட்டுக்காரர் பெயர்த் தகடு. சின்னம்மாவின் நாள் புதன். மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வாழ்நாளெல்லாம் முள் பூட்டிய கை அல்லவா, ஒரு நிமிடம் பிந்தமாட்டார். ஒரு புதன் விடிய நான் அவருடைய தகட்டை வியாழனுக்கு மாற்றினேன். பார்த்துவிட்டுத் துணிக்கூடையோடு திரும்பிப் போனார். அவர் வியாழன் இறங்கி வருவதற்கு முன் திரும்பப் புதனில் கொழுவினேன். வியாழன் முறைக்காரியான எதிர்வீட்டு ஃபிராவ் மூசர் அவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். சில வாரம் இப்படி. பிறகு அவர் துணிக்கூடையோடு படியில் நின்று, இன்றைக்கு என்ன கிழமை என்று என்னிடம் கேட்கத் தொடங்கினார். எனக்கு மிகவும் பாவமாக இருந்தது.

அவருடைய வீட்டுக் கதவின் மற்றத் திறப்பு என்னிடம் இருந்தது. சட்டப்படி அப்வார்ட் அதை வைத்திருக்கக்கூடாது. சுவிஸ்காரர் செத்தாலும் தரமாட்டார். எங்கள் ஆட்கள் அப்படியா? வந்த முதல் மாதமே ஒரு தட்டு பயத்தம் பணியாரத்தோடு திறப்பையும் கையில் வைத்துவிடுவார்கள். அவர் கோயிலுக்குப் போன நேரங்களில் உப்புப் போத்தலைக் குளிர்பெட்டிக்குள் வைத்தேன். மூக்குக் கண்ணாடியை அரிசி வாளிக்குள் வைத்தேன். எதையும் எடுக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சல்லிக்காசு எடுத்தவன் இல்லை நான்.

அடுப்பு மட்டும்தான் கொஞ்சம் பெரிய விஷயம். வெறும் சட்டியை வைத்துச் சூட்டைக் கூட்டிவிட்டு வந்தேன். புகை மணி அடித்ததும் ஓடிப்போய் அணைத்ததும் நானே. தீயணைப்புக்காரர் என்னைத் தட்டிக்கொடுத்தார். கோயிலால் வந்த சின்னம்மா கறுத்த சட்டியைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். அன்றைக்குத்தான் அழுதார். தேநீர் போட்டுக் கொடுத்தேன். பக்கத்தில் ஆள் இருப்பது எவ்வளவு நல்லது என்று பாருங்கள்.

அதன்பிறகு நகரசபை அவரை ஞாபகப் பரிசோதனைக்கு அனுப்பியது. மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்கிறோம் என்றார்கள். சின்னம்மா மறுத்துவிட்டார். வருபவர் எங்கள் கோயிலுக்கு வருகிறவராக இருப்பார், ஞாயிறுக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்று பயம்.

“வேற ஆக்கள் வேண்டாம் தம்பி. நீர் வாரும். உமக்கு முன்னால எனக்கு வெக்கமில்லை.”

வைத்தியர் பிரெஞ்சுக்காரர். சின்னம்மாவுக்குத் தெரிந்தது தொழிற்சாலை ஜேர்மன். நான் முதலில் நொஷாட்டலில் பாத்திரம் கழுவியவன், எனக்குப் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. வைத்தியர் என்னை மொஸ்யூ நித்தி என்றார். நித்தியானந்தன் அவருடைய வாய்க்குள் நுழையவில்லை.

கடைசியாகத் தாளில் ஒரு மணிக்கூட்டு முகம் கீறச் சொன்னார். சின்னம்மா அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தார். வளையல் வைத்துக் கீறியதுபோல வட்டம், எண்கள் அச்சுக் குத்தியதுபோல. பிறகு வைத்தியர், முட்களைப் பதினொன்று பத்துக்கு வைக்கச் சொன்னார். நான் அக்காவிடம், நாலு மணிக்கு வையுங்கோ என்றேன்.

வைத்தார். அதைவிடச் சரியாக நாலு மணி இந்தப் பீலிலேயே இருந்திருக்காது. வைத்தியர் தலையை மெல்ல ஆட்டினார். அவருடைய முகத்தைப் பார்த்து, பிழையோ தம்பி என்று கேட்டார் உங்கள் சின்னம்மா. ஓம் அக்கா என்றேன். வீடு வரும்வரை பேருந்தில் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே வந்தார். மற்றக் கேள்விகளையும் அப்படி இப்படி முடித்திருந்தேன். ஆனாலும் அவரை முறித்தது மணிக்கூடுதான் என்று நினைக்கிறேன். இல்லத்துக்குப் போகச் சம்மதித்துத் தானே கையெழுத்து வைத்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

அங்கே அவருக்கு ஒரு குறையும் இல்லை. நோய் இத்தனை காலத்தில் கொஞ்சமும் முற்றவில்லை என்று தாதிமார் அதிசயப்படுகிறார்கள். ஞாயிறு தவறாமல் இடியப்பமும் சொதியும் கொண்டுபோவது யார் என்று நினைக்கிறீர்கள்?

தேநீர் எப்படி? பால் போதுமா? அந்த யன்னலால் பாருங்கள், தோட்டத்தில் மிளகாய் காய்த்திருக்கிறது. அவர் சொன்ன அதே மூலையில்தான் வைத்தேன். மேல்மாடிக்குக் குடிவந்த ஒரு வைத்தியர்கூட வந்து இரண்டு பிடுங்கிப் போனார். கலந்து வாழ்வது நல்ல திட்டம்தான்.

கோபப்படாதீர்கள். எனக்கும் மனச்சாட்சி இருக்கிறது. நீங்கள் வரப்போவதாகச் சொன்னதும் நேற்று இல்லத்துக்குப் போய், தகடு, கண்ணாடி, அடுப்பு, நாலு மணி, எல்லாவற்றையும் அவரிடமே சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை. அவர் கடைசிவரை கேட்டார். பிறகு என் தலையைத் தடவிவிட்டார்.

“என்னைத் தேற்றுறதுக்காக உம்மட தலையில பழியைப் போடாதையும், தம்பி. என்ர மறதி வருத்தம் எனக்குத் தெரியும். உம்மில எனக்கு ஒரு கோவமும் இல்லை.”

கேட்டீர்களா? கோபம் இல்லையாம். மன்னித்துவிட்டார். அதை நான் நம்புகிறேன், பிள்ளை, நீங்களும் நம்புங்கள். விளங்காமல் சொல்கிற ஆளில்லை அவர். உங்கள் சின்னம்மாவின் புத்திக்கு ஒருநாளும் ஒரு குறையும் இருந்ததில்லை.