மூணு நாள் மஞ்சள்

– போர்வையோட அந்த ரெண்டு முனையையும் பிடிங்கக்கா. சும்மா நின்னா எப்படி? நாலு மணிக்குப் பெரிய டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டதும் நாங்க கிளம்பணும். எங்க வீட்டுக்காரர் வண்டி கொண்டு வரப் போயிட்டார்.

– மணி என்ன டீச்சர் இப்போ?

– மூணு பத்து. இழுத்துப் பிடிங்க. என்னக்கா, தையல்காரங்க கையா இது? முனைக்கு முனை சேரல.

– கை நல்லாத்தான் இருக்கு. மத்தியானம் சாப்பிடல, அதான்.

– நாளைக்குக் காலைல உங்க பொண்ணைத்தான் வெறும் வயித்தோட இருக்கச் சொன்னாங்க. உங்களை இல்ல.

– பத்து மணிக்கு மேல் மாடிக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். முதுகுல ஊசி இறக்கி, கிட்னியிலேர்ந்து துளி சதை எடுத்துப் பாக்கப் போறாங்க. மாத்திரை கேக்கலைன்னா அடுத்தது அதுதானாம். காலைல கையெழுத்து வாங்கினாங்களே, அந்தப் பேப்பர்ல 'உள்ளே ரத்தம் கசியலாம்'னு இருக்கு. படிக்காம போட்டிருக்கலாம். படிச்சுத் தொலைச்சேன்.

– அது எல்லாருக்கும் எழுதறதுதான். அதாவது, ஒரு முன்னெச்சரிக்கைக்கு.

– ஊசியை உள்ளே விடறப்ப மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அசையாம இருக்கணுமாம். என் வாலு எப்போ டீச்சர் அசையாம இருந்திருக்கா? தூக்கத்துலயே மூணு தடவை கட்டிலைச் சுத்தி வர்றவ.

– மயக்க மருந்து குடுப்பாங்கக்கா. அந்தத் துண்டை எடுங்க. அது எங்களுதுதான்.

– பசங்க எங்க?

– விளையாட்டு ரூம்ல. நர்ஸுக்கு ரெண்டும் சேர்ந்து படம் வரையுதுங்க. உங்க வாலு, 'நீ போனதும் ஜன்னல் பெட்டை நான் திரும்ப எடுத்துக்குவேன்'னு அவனை மிரட்டிட்டிருக்கா.

– அந்த பெட்டைப் பத்தித்தான் டீச்சர் உங்ககிட்ட ஒண்ணு பேசணும்.

– பெட்டைப் பத்தி என்ன? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவன் ஜன்னல் வேணும்னு அழுதான். எங்க தெருப் பக்கம் போற பஸ் அங்கேர்ந்து தெரியுதாம். உங்க பொண்ணு பெரிய மனசு பண்ணி மாத்திக்கிட்டா. நீங்களும் நானும்தானே தலைகாணியைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தோம்.

– அதுவரைக்கும் நாங்க பதினொண்ணு. நீங்க பன்னெண்டு.

– ஆமா. இப்ப நாங்க பதினொண்ணு, நீங்க பன்னெண்டு. அதுக்கென்ன?

– இந்த வார்டுல எனக்குப் பேரே கிடையாது பாத்தீங்களா? 'பதினொண்ணு, மாத்திரை வாங்கிக்கோங்க.' 'பதினொண்ணு, டாக்டர் கூப்பிடறார்.' நாப்பத்தாறு நாள். ஒரு நாள் வீட்டுக்கு ஃபோன் போட்டு, 'பதினொண்ணு பேசறேன்'னுட்டேன். அந்த மனுஷன் ராங் நம்பர்னு வெச்சுட்டாரு.

– சிரிக்க வைக்காதீங்கக்கா. மடிச்சது கலையுது.

– இன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டு வண்டி வந்துச்சு. அந்தம்மா 'பதினொண்ணு'ன்னு கூப்பிட்டாங்க. நான் எழுந்து போய்க் கையை நீட்டினேன். தட்டைத் தரல. 'நீங்க இப்ப பன்னெண்டும்மா. மூணு நாளா சொல்றேன், மூணு நாளா கையை நீட்டறீங்க'ன்னாங்க.

– பழக்கதோஷம்.

– அதேதான். கேளுங்க டீச்சர். அந்த இடத்துலதான் எனக்குப் பொறி தட்டிச்சு. காலைல ஆறு மணிக்கு நீங்க குளிக்கப் போயிடுவீங்க.

– வெந்நீர் ஆறரைக்கு நின்னுடும். வேற எப்போ போறது?

– நான் தப்பு சொல்லல. நீங்க குளிக்கப் போற நேரத்துல ரெண்டு பசங்களோட முதல் சிறுநீரையும் ஸ்ட்ரிப் வெச்சுப் பாக்கறது யாரு?

– நீங்க. ராத்திரி மாத்திரை ரெண்டு பேருக்கும் நான். நாமளே பேசி வெச்சுக்கிட்டதுதானே.

– ஆயாம்மா ரெண்டு குப்பியைக் கொண்டாந்து தட்டுல வெச்சுட்டுப் போவாங்க. குப்பி மேல என்ன எழுதியிருக்கும்?

– பெட் நம்பர்.

– பேர் கிடையாது.

– பேர் கிடையாது.

– நான் ஸ்ட்ரிப்பை முக்கி எடுப்பேன். மஞ்சளாவே நின்னா புரோட்டீன் போகல, நல்லது. பச்சையா மாறினா கசியுதுன்னு அர்த்தம். பாத்து, நோட்டுல எழுதுவேன். குப்பி மேல நம்பர் இருக்கு, நோட்டு மேல பசங்க பேர் இருக்கு. பதினொண்ணுன்னு போட்ட குப்பியை நான் யார் நோட்டுல எழுதியிருப்பேன்?

– அக்கா, அந்த ஜிப்பை இழுத்து விடுங்க. எனக்கு எட்டல.

– என் பொண்ணு நோட்டுல எழுதியிருக்கேன் டீச்சர். பதினொண்ணுன்னா என் பொண்ணுதானே, வேற யாரு? திங்கள், செவ்வாய், இன்னைக்குப் புதன். மூணு நாளும் பதினொண்ணு பச்சை, பன்னெண்டு மஞ்சள். பெட்டை மாத்தினோம், என் மண்டையில மாத்தல.

– மூணு நாள் தொடர்ந்து மஞ்சளா இருந்தா வீட்டுக்குப் போலாம்னு சொன்னது டாக்டர். நான் சொல்லல, நீங்க சொல்லல.

– டாக்டர் நோட்டைப் பாத்துத்தானே சொன்னாரு. அந்த மஞ்சள் உங்க பையனோடது இல்ல.

– ஜிப்பை இழுங்கக்கா.

– டீச்சர்.

– நீங்க சொல்றது புரியுது. நாங்க கிளம்பற அன்னைக்கு, நாங்க கிளம்பறதுக்கு அம்பது நிமிஷம் முன்னாடி, உங்களுக்கு இது ஞாபகம் வருது.

– வராம இருந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்.

– நான் தப்பா எதுவும் சொல்லல. உங்க நிலைமையில நான் இருந்தாலும் அப்படித்தான் தோணும். பக்கத்துல ஒருத்தர் மூட்டை கட்டறதைப் பாத்துட்டு நிக்கறது லேசு இல்ல.

– பொறாமைங்கறீங்க.

– அந்த வார்த்தையை நான் சொல்லல.

– நான் சொல்றேன். பொறாமைதான். காலைல டாக்டர் உங்க பையன் கன்னத்தைத் தட்டி, 'இன்னைக்கு வீட்டுக்குப் போலாம்'னு சொன்னாரு பாருங்க, நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். அது பொறாமை. இது அது இல்ல.

– ரெண்டுக்கும் நடுவுல எட்டு மணி நேரம்கூட ஆகலியேக்கா.

– இன்னொண்ணும் சொல்லிடறேன். சாப்பாட்டு வண்டிகிட்ட நின்னப்ப எனக்கு முதல்ல வந்தது சந்தோஷம். என் பொண்ணுக்கு மஞ்சள், அவ முதுகுல ஊசி வேணாம்னு துள்ளிச்சு மனசு. உங்க பையன் முகம் அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. ஒரு நிமிஷம் கழிச்சு. அந்த ஒரு நிமிஷத்தை நினைச்சாலே எனக்கு அசிங்கமா இருக்கு. அதான் ரெண்டு மணி நேரமா வாயைத் திறக்கல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

– சொல்லாமலே இருந்திருக்கலாம்.

– என்ன டீச்சர் பேசறீங்க? இந்தாங்க. ஒரு மணிக்கு வாலுகிட்ட எடுத்துப் பாத்தேன். மஞ்சள். வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க.

– பகல்ல எடுத்தது செல்லாது. காலைல முதல்ல போறதுதான் கணக்கு.

– சரி, செல்லாது. சும்மா ஒரு தெளிவுக்குப் பாப்போம். பையனைக் கூப்பிடுங்க. குப்பியில பிடிச்சு, உங்க கண்ணு முன்னாடியே முக்கறேன். மஞ்சள் வந்தா நான் உங்க கால்ல விழறேன், நீங்க சந்தோஷமாப் போங்க.

– அவன் இப்பதான் போயிட்டு வந்தான். வராது.

– ஒரு டம்ளர் தண்ணி குடுங்க.

– ஸ்ட்ரிப் இல்ல.

– போன வாரம் புது டப்பா வாங்கினீங்க. ஒரு டப்பாவுல அம்பது இருக்கும்.

– மூட்டைக்கு அடியில போயிடுச்சு. இவ்வளவும் பிரிக்கணும்.

– என்கிட்ட ரெண்டு மிச்சம் இருக்கு. அதை வெச்சுப் பாப்போம்.

– அக்கா, அவனைப் பாருங்க, நல்லாத்தானே இருக்கான்? விளையாடறான், சிரிக்கறான். காலைல இடைவெளி விடாம ஒரு மணி நேரம் பேசினான்.

– என் பொண்ணும்தான் சிரிக்கறா. மாத்திரையில ரெண்டுக்கும் கன்னம் உப்பிக் கிடக்கு. முகத்தைப் பாத்து இப்ப யாரும் எதுவும் சொல்ல முடியாது. காலைப் பாத்தீங்களா? காலைல சாக்ஸ் கழட்டினான். கணுக்கால்ல வரி விழுந்திருந்துச்சு. நான் பாத்தேன். அப்ப எனக்கு ஒண்ணும் தோணல.

– புது சாக்ஸ். இறுக்கம்.

– அழுத்திப் பாத்தீங்களா? வீக்கம்னா குழி விழும்.

– எதுக்கு அழுத்தணும்?

– போன தடவை வீக்கம் வந்தப்ப வீட்டுல நாலு நாள் கவனிக்காம விட்டுட்டேன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க. மூச்சு விட முடியாம தூக்கிட்டு ஓடி வந்ததா சொன்னீங்க. வயித்துல தண்ணி கோத்துக்கிட்டு, இந்தப் பையன் உக்காந்துக்கிட்டே தூங்கினான்னு. இதே கட்டில்ல உக்காந்துதான் சொன்னீங்க. இப்ப மருந்தைக் குறைச்சு எழுதிக் குடுத்து அனுப்பப் போறாங்க. திரும்ப அப்படி ஆச்சுன்னா?

– மெதுவா பேசுங்க. நர்ஸ் பாக்கறாங்க.

– பாக்கட்டும். டாக்டர் வந்ததும் நானே போய்ச் சொல்லிடறேன். தப்பு என்னோடது. நீங்க எதுவும் பேச வேணாம். நான்தான் மாத்தி எழுதினேன்னு சொல்றேன், திட்டினா வாங்கிக்கறேன்.

– இன்னைக்குச் சொல்லாதீங்க.

– பின்னே?

– நாளைக்குச் சொல்லுங்க.

– நாளைக்கா? பத்து மணிக்கு என் பொண்ணை மேல கூட்டிட்டுப் போறாங்க.

– பத்து மணிக்கு முன்னாடி. எட்டு மணிக்குச் சொல்லுங்க. ஏழு மணிக்கே சொல்லுங்க. டியூட்டி டாக்டர் ஏழு மணிக்கெல்லாம் வந்துடுவாங்க. உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது.

– நேரம் எல்லாம் யோசிச்சு வெச்ச மாதிரி சொல்றீங்க.

– பதட்டத்துல என்னவோ சொல்றேன்.

– நீங்க பதட்டப்படல. அதைத்தான் நானும் பாத்துட்டு நிக்கறேன். உங்க பையனுக்குக் கசியுதுன்னு சொல்றேன், நீங்க ஜிப்பை இழுங்கங்கறீங்க. ஒரு தடவைகூட 'ஐயையோ'ன்னு வரல உங்க வாய்லேர்ந்து. சுத்தமாத் துடைச்ச தட்டுல ஒரு முடி இருந்தா கிடுகிடுன்னு ஆடிப் போயிடுவீங்க நீங்க.

– அந்தப் பையைத் தொடாதீங்க.

– ஸ்ட்ரிப் டப்பாவை எடுக்கறேன். அடியில இல்லியே, பக்கத்து ஜிப்லேயே இருக்கே.

– அக்கா, வேணாம்.

– சீல் உடைச்சிருக்கு. காலைல நான் பாக்கறது எல்லாமே என் டப்பாவுலேர்ந்துதான். இதை யார் உடைச்சா?

– குடுங்க இப்படி.

– இது என்ன, பேப்பர்ல சுத்தி வெச்சிருக்கு? ... டீச்சர், இது பச்சை.

– ம்.

– ரெண்டு இருக்கு. ரெண்டும் பச்சை. எப்போ பாத்தீங்க?

– நேத்து காலைல குளிச்சுட்டுச் சீக்கிரம் வந்தேன். நீங்க நோட்டை மூடி வெச்சுட்டு முகம் கழுவப் போயிருந்தீங்க. குப்பி ரெண்டும் தட்டுலேயே இருந்துச்சு. அவன் பதினொண்ணு. நோட்டுல மஞ்சள்னு இருக்கு, குப்பியில கலங்கலா இருக்கு. ஒரு ஸ்ட்ரிப்பை அதுல முக்கினேன். நம்பாம இன்னொண்ணையும் அதுலயே முக்கினேன்.

– நேத்து காலைல.

– அவன் காலையும் அழுத்திப் பாத்தேன்க்கா. குழி விழுந்துச்சு.

– இன்னைக்குக் காலைல அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட எனக்குப் பேனா குடுத்தது நீங்க, டீச்சர்.

– என் கை எப்படி நீண்டுச்சுன்னு எனக்கே தெரியல. நீங்க எழுத்துக் கூட்டிப் படிக்கறதைப் பாத்துட்டே நின்னேன்.

– ஏன்?

– நாளைக்கு விடிஞ்சதும் நானே ஃபோன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டு, அவனைத் திரும்பக் கூட்டிட்டு வந்திருப்பேன்க்கா. ஒரே ஒரு ராத்திரி அவன் வீட்டுல என் பக்கத்துல படுத்துத் தூங்கட்டும்னுதான் இருந்தேன்.