கேதுருவில் பூத்தது

– மொதல்ல அந்தக் கோடாலியக் கீழ வை, ஹார்லன். அதக் கையில புடிச்சுக்கிட்டு என் மரத்துக்கு நோவுன்னு சொன்னா எனக்கே நோவு வந்த மாதிரி இருக்கு.

– வெச்சிட்டேன், மிஸ் ஓர்ஃபா. இப்பவாச்சும் கேளுங்க. உங்க கேதுரு மரம் அஞ்சும் நல்லாத்தான் இருக்கு. செத்துரும்னு நான் சொல்லவே இல்ல. சாகுறது என் ஆப்பிள்.

– நல்லா இருக்குங்கற. நல்லா இருக்கறத எதுக்குடா வெட்டணும்?

– அதுல நோய் இருக்கே!

– இப்பத்தான நல்லா இருக்குன்ன?

– அதாவது, நோய் இருக்கு, ஆனா மரத்த ஒண்ணும் பண்ணாது. இந்தக் கெளையப் பாருங்க. நேத்து மழைக்கு முன்னாடி இது என்னவா இருந்துச்சு?

– பழுப்பா ஒரு உருண்டை. வால்நட் கொட்டையாட்டம். வருஷா வருஷம் காய்க்கிறதுதான். எங்க வீட்டுக்காரர் உசுரோட இருந்தப்ப அதக் கேதுரு ஆப்பிள்னே சொல்லுவாரு.

– இப்ப?

– கொம்பு கொம்பா, ஆரஞ்சுக் கலர்ல, கூழு மாதிரி தொங்குது. என் கோழிகூட அதக் கொத்த மாட்டேங்குது.

– அந்தக் கூழுலேருந்துதான் தூள் கெளம்புது. கண்ணுக்கே தெரியாது. காத்துல வந்து என் ஆப்பிள் எலையில உக்காருது. ஜூன்ல மஞ்சப் புள்ளி. ஆகஸ்ட்டுல எலை மொத்தமும் கீழ. போன வருஷம் பாத்தீங்கல்ல, கோடையிலயே தோட்டம் மொட்டையா நின்னுச்சு. காய் கோலிகுண்டு சைஸு.

– சரி விடு. உதுந்த எலையக் கூட்டி எரிக்க வேண்டியதுதான?

– எரிச்சு ஒண்ணும் ஆகாது. இது ஆப்பிள்லேருந்து ஆப்பிளுக்குத் தாவுற நோய் இல்ல. எலைக்கு அடியில மயிர் மயிரா மொளைச்சு, அதுலேருந்தும் தூள் பறக்கும். பறந்து வேற எடத்துக்குப் போகும்.

– எங்க போகும்?

– உங்க கேதுருவுக்கு.

– என்னடா சொல்ற?

– அங்க போய் உருண்டையாப் புடைக்கும். ஒரு வருஷம் சும்மாக் கெடக்கும். அதுக்கடுத்த வசந்தத்துல மழை பட்டா கூழு.

– இரு, இரு. அப்போ என் மரத்துக்கு நோயக் குடுத்ததே உன் மரம்தானா?

– ஆமா. ஆனா அதுக்கு முன்னாடி உங்க மரம் குடுத்துச்சே.

– அதுக்கும் முன்னாடி?

– அதான் எனக்கும் புரியல, மிஸ் ஓர்ஃபா! தோட்டக்காரங்க கூட்டத்துல ஒரு பயிர் நோய் நிபுணர் கரும்பலகையில வட்டம் போட்டுக் காட்டினாரு. இதுல எது மொதல்னு கேட்டேன். ஊரே சிரிச்சுது. உக்காந்துட்டேன்.

– நான் இருந்திருந்தா சிரிச்சிருக்க மாட்டேன். நல்ல கேள்விதான். சரி, ரெண்டு மரத்துல ஒண்ணு இல்லன்னா நோய் போயிரும். அப்படித்தான?

– அப்படித்தான்.

– அப்ப உன் ஆப்பிள வெட்டு.

– மிஸ் ஓர்ஃபா!

– ஏன்? கேதுரு இந்த மண்ணுலயே மொளச்சது. உன் ஆப்பிள்தான் கப்பலேறி வந்துச்சு. வந்தவன் போகட்டும்.

– நாமளும் கப்பலேறி வந்தவங்கதான்.

– வாய் மட்டும் அப்படியே உங்கப்பன்தான். மருந்து ஒண்ணும் கெடையாதா?

– சுண்ணாம்பும் கந்தகமும் காய்ச்சி அடிச்சேன். மயில்துத்தம் கரைச்சு அடிச்சேன். மழைக்கு முன்னாடி அடிச்சா கழுவிட்டுப் போகுது. பின்னாடி அடிச்சா, அதுக்குள்ள தூள் எலையில எறங்கிடுது. வைன்சாப் ஆப்பிள் போட்டவங்களுக்கு இவ்வளவு தொல்லை இல்ல. எங்கப்பா போட்டது பூரா யார்க் ரகம். நான் புதுசா நட்டுக் காய் பறிக்கப் பத்து வருஷம் ஆகும். அதுவரைக்கும் என்னத்தத் திங்கறது?

– அதுக்காக? கேதுருவ வெட்டணும்னு கூட்டத்துல மொதல்ல கை தூக்கினது நீதானாமே.

– நான்தான். இந்த ஷெனண்டோவா பள்ளத்தாக்கே ஆப்பிள நம்பித்தான கெடக்கு. திங்கக்கிழமை கவுண்டி சர்க்கார் ஆளுங்க வராங்க. ஒரு மைல் சுத்துல ஒரு கேதுரு விட மாட்டாங்க. முகந்தெரியாதவன் வந்து உங்க மரத்த வெட்டறதவிட, நானே கேட்டுட்டு வெட்டலாமேன்னு வந்தேன்.

– முகந்தெரிஞ்சவன் வெட்டினா மரத்துக்குச் சுகமா இருக்குமாக்கும்.

– கேள்வி கேட்டே என்னக் குழப்பறீங்க.

– குழம்பிப்போய் வந்ததே நீதான். சரி விடு. வெட்டு.

– என்னது?

– வெட்டுங்கறேன். எம்மவன் பீப்பாய்ப் பட்டறையில இருக்கான். ஆப்பிள் இல்லாத ஊருல பீப்பாய யாரு வாங்குவா? குளுருகாலத்துல வாடைக்காத்து நேரா வீட்டுக்குள்ள வரும். வரட்டும், இன்னொரு போர்வை போத்திக்கறேன். ஆனா கட்டை எனக்கு. வேலிக்கால் நடணும்.

– கட்டை பூரா உங்களுக்குத்தான். நானே அறுத்துத் தரேன். நெசமாத்தான் சொல்றீங்களா?

– என் மனசு மாறுறதுக்குள்ள கோடாலிய எடு. இரு இரு, அங்க பாரு, உம் பொண்டாட்டி. எதுக்கு இப்படித் தலைதெறிக்க ஓடி வரா?

– ஹார்லன்! வெட்டாத! வெட்டிடாத!

– லீனா! மூச்சு விட்டுட்டுப் பேசு. மிஸ் ஓர்ஃபாவே சரின்னுட்டாங்க.

– நீங்களா சரின்னீங்க, மிஸ் ஓர்ஃபா?

– என் மரம், நான் சொல்லிட்டேன். உனக்கென்னம்மா வந்துச்சு?

– வேணாம். ஒரு மரத்தையும் தொட வேணாம்.

– லீனா, போன ஆகஸ்ட்டுல எலை கொட்டினப்ப மரத்தடியில உக்காந்து அழுதது யாரு? நீ. கூட்டத்துக்குப் போ, மொதல் ஆளாக் கையத் தூக்குன்னது யாரு? அதுவும் நீ. இப்ப மரத்துக்காரங்க வெட்டுங்கறாங்க, தோட்டத்துக்காரி வேணாங்கறா. பைத்தியம் எனக்கா, உங்க ரெண்டு பேருக்கா?

– ஒரு மைல் சுத்துக்குன்னு அப்ப எனக்குத் தெரியாது. இப்பத்தான் மாவு மில்லுல பேசிக்கிட்டாங்க. ஒண்ணு விடாமன்னா, குன்று மேல இருக்கறதுமா?

– குன்று மேல ஏது கேதுரு? அங்க கல்லறைத் தோட்டம்தான இருக்கு.

– ஒண்ணு இருக்கு, ஹார்லன். இந்த வேலியோரம் மொளைச்ச கன்னுதான். நானே மண்ணோட தோண்டி, சாக்குல சுத்திக் குடுத்தேன்.

– யாருக்குக் குடுத்தீங்க, மிஸ் ஓர்ஃபா?

– லீனாவுக்கு. உங்க ஐடாவ அடக்கம் பண்ணின வசந்தத்துல. நீ அப்பத் தொண்டைக் காய்ச்சல்ல கெடந்த. கொழந்தைய வாரிக்கிட்டுப் போன அதே காய்ச்சல். குழிக்குப் பக்கத்துல உன் எடத்துல நான்தான் நின்னேன்.

– லீனா, இத ஏன் எங்கிட்டச் சொல்லல?

– நீதான் ஞாயித்துக்கிழமையானா தொப்பிய மாட்டிக்கிட்டு ஓடைப் பாலம் தாண்டி அவளப் பாக்கப் போறியே. தலைமாட்டுல நிக்கற கன்னு கண்ணுல படாதா? ஒண்ணும் சொல்லலயே, புடிச்சிருக்கு போலன்னு விட்டுட்டேன். நீ பாக்கவே இல்லயா?

– கவனிக்கல.

– நேத்து மழை விட்டதும் போனேன். ஒரு கெளையில மூணு எடத்துல ஆரஞ்சாத் தொங்குச்சு. வருஷா வருஷம் இங்க பாக்கறதுதான், என்னன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அங்க பாத்தப்பப் பூன்னுதான் தோணிச்சு. எம்பொண்ணு பூத்திருக்கான்னு தோணிச்சு. வீடு வர்ற வரைக்கும் பாடிக்கிட்டே வந்தேன். இப்ப அதுவும் நோய்ங்கறாங்க. அதையும் வெட்டுவாங்களா? சொல்லு, ஹார்லன்.

– எவ்வளவு உசரம் இருக்கும்?

– என் இடுப்பளவு.

– அவ்வளவுதான? அதுக்குக் கோடாலியே வேணாம். சின்ன மரம்னா உருண்டையக் கையாலயே கிள்ளி எடுத்து எரிச்சிடலாம். பிப்ரவரி மார்ச்சுல, கூழு கெளம்பறதுக்கு முன்னாடியே கிள்ளிட்டா, அதுலேருந்து தூள் வராது. ஆளுங்ககிட்ட நான் பேசிக்கறேன். வருஷா வருஷம் நானே போய்க் கிள்ளறேன்.

– நெசமா?

– நெசமாத்தான். இந்த வருஷத்துது இப்பவே. வா, போகலாம்.

– போயிட்டு வாங்க. என் மரம் திங்கக்கிழமை வரைக்கும் எங்கயும் ஓடிடாது. அந்தக் கோடாலி இங்கயே கெடக்கட்டும், ஹார்லன்.

– சரிங்க, மிஸ் ஓர்ஃபா. லீனா, நீ முன்னால நட.

– நான் எதுக்கு? வாராவாரம் நீ போற வழிதான?

– ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நான் ஒரு நாளும் போனதில்ல, லீனா. அவ எங்க இருக்கான்னே எனக்குத் தெரியாது.