தோள்மேல் நின்ற கை

கும்மிடிப்பூண்டி போகும் காலை ரயிலில் என் எதிரே இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கம்பெனிச் சீருடையில் இருந்த பெண். மற்றவர் போட்டோ ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர் என்று பேச்சில் தெரிந்தது. அவர் சொன்னதைக் கேட்டு நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

"உங்க அக்காவ நான் அழிக்கலம்மா. மறைச்சுதான் வெச்சிருக்கேன்."

"அவ சொல்லாம கல்யாணம் பண்ணிக்கினப்ப அப்பா அழிக்கச் சொன்னாருல்ல?"

"சொன்னாரு. பக்கத்துலயே உக்காந்துகினு இருந்தாரு. கம்ப்யூட்டர்ல குடும்பப் படத்துமேல மாஸ்க்னு ஒரு மறைப்பு போட்டு, அக்கா நிக்கிற எடத்துல கறுப்பு அடிச்சேன். கறுப்பு பட்டா ஆளு மறைஞ்சிடும், அடியில வெச்ச வெறும் சுவத்துப் படம் தெரியும். வெள்ளை அடிச்சா ஆளு திரும்ப வந்துடும்."

"தம்பி கல்யாண பேனர்ல போடற அந்தப் படத்துல அக்காவும் இருக்கணும்ணா. ஆனா அப்பா இன்னா சொல்வாரோன்னு பேஜாரா கீது."

பொன்னேரி தாண்டியது.

"ஊட்டுல மாட்டியிருக்கிற படத்துல உன் தோள்மேல ஒரு கை இருக்கும், பாத்திருக்கியா?"

"அக்கா கை. நீங்க மறைக்க மறந்துட்டீங்கன்னு சொல்லிச் சிரிப்போம்."

"மறக்கல. அதையும் மறைக்கத்தான் போனேன். உங்கப்பா என் கையப் புடிச்சிக்கினாரு. அது இருந்துட்டுப் போவட்டும்னாரு."

கவரைப்பேட்டை வந்தது. அந்தப் பெண் அவரிடம் சொன்னாள்:

"வெள்ளை அடிச்சிடுங்கண்ணா."