ஒரே வீட்டுக்கு இரண்டு மிஷின்

எனக்கு வயது முப்பத்தாறு. கணவர் பஸ் டிரைவர். சலவைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். நோயாளிகளுக்கு வேண்டிய சாமான்களை ஆன்லைனில் விற்கும் கடை ஒன்றில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர்கள் வேண்டாம் என்று சொல்லும் ஆர்டர்களைக் கவனிப்பது என் பொறுப்பு. கடையில் என்னைக் கேன்சல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி போகாதே என்று சொல்லியும் கேளாமல், யாரும் அழைக்காமல் நானாகவே வந்து, காவல் நிலையத்தில் ஆய்வாளர் முன்னிலையில் இதைச் சொல்கிறேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே விலாசத்துக்கு ஒரே சாமான் இரண்டு தடவை ஆர்டர் ஆகியிருந்தால், பதற்றத்தில் கை தவறி இரண்டு முறை தட்டிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, பின்னால் வந்ததை நாங்களே கேன்சல் செய்துவிடுவோம். போன் போட்டுக் கேட்பதில்லை. ஆர்டர் போட்ட கைபேசிக்கு ஒரு தகவல் போகும், அவ்வளவுதான். முன்பு ஒரு வீட்டுக்கு இரண்டு சக்கர நாற்காலி போய் இறங்கி, அந்த வாடிக்கையாளர் எங்களைக் காய்ச்சி எடுத்த பிறகு முதலாளி கொண்டுவந்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடு என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தபோது ஒரே விலாசத்துக்கு இரண்டு ஆக்சிஜன் மிஷின் ஆர்டர் இருந்தது. விலாசத்தைப் பார்த்தேனே தவிர, போட்டவர்களின் பெயரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேர் என்று தெரிந்திருக்கும். இரண்டாவதைக் கேன்சல் செய்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அதன் பிறகு மதியம் ஒருவர் போன் செய்தார். இந்த வழக்கில் இறந்துபோன, அந்த வீட்டு மூத்த மகன் அவர்தான். வெளியூரில் இருந்து பேசினார். "அப்பாவுக்கு ஒரு மிஷின் போட்டிருந்தேம்மா. தம்பியும் போட்டிருக்கானாம், இப்பதான் அம்மா சொன்னாங்க. வீட்ல ஒண்ணு போதுமே, என்னோடத எடுத்துடுங்க. வேற யாருக்காவது உதவும்" என்றார். நான் உடனே எடுத்துவிட்டேன். இவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டீர்களே என்று பாராட்டிவிட்டு வைத்தார். தம்பியும் போட்டிருக்கிறான் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. காலையில் பார்த்த விலாசமாயிற்றே என்று உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அடுத்த அழைப்பு காத்துக்கொண்டிருந்தது, எடுத்துவிட்டேன்.

அதன் பிறகு கடையில் பார்சல் கட்டும் ஊழியர் அந்த இரண்டு மிஷினையும் லேபிளைக் கிழித்துவிட்டு என் மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். கேன்சல் ஆன சாமான் எல்லாம் அங்கேதான் வரும். புதன், வியாழன் இரண்டு நாளும் என் சாப்பாட்டுப் பையை அதன் மேல்தான் வைத்திருந்தேன். எட்டி எடுக்க வசதியான உயரம்.

அந்த வீட்டில் அப்போது வாடகை ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். இளைய மகன் அப்பாவின் கைபேசியிலிருந்து ஆர்டர் போட்டதால் எங்கள் தகவல் அதற்குத்தான் போயிருக்கிறது. அது பெரியவரின் தலையணைக்கு அடியில் கிடந்திருக்கிறது. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வியாழக்கிழமை சிலிண்டர் தீர்ந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் பெரியவர் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை இளைய மகன் கடைக்குப் போன் செய்தார். அதையும் எடுத்தது நான்தான். மிஷின் ஏன் வரவில்லை என்று கேட்டார். நான் விலாசத்தைப் போட்டுப் பார்த்தேன். கடைசியாக நடந்த கேன்சல் மேலே வந்து நின்றது. அதற்குக் கீழே பார்க்காமல், "நாங்க நிறுத்தல சார். உங்க ஆளுங்கதான் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லியிருக்காங்க" என்றேன். எந்த நம்பர் என்றார். வாசித்தேன். "எங்க அண்ணன்" என்று மட்டும் சொன்னார், வைத்துவிட்டார். பழி கடையின் மேல் வராமல் தப்பியது என்று அப்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அண்ணனுக்கும் தம்பிக்கும் வெகு நாளாகப் பேச்சு கிடையாது என்றும், அடக்கம் முடிந்த அன்று படிக்கட்டில் வைத்துத் தம்பி கேட்டதற்கு, நீ போட்டதால்தான் நான் நிறுத்தினேன் என்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொல்லியும் தம்பி நம்பவில்லை என்றும், பிடித்துத் தள்ளியதில் அண்ணன் தலை அடிபட்டு இறந்துவிட்டார் என்றும், கடைக்கு விசாரணைக்கு வந்த காவலர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவரிடம் முதலாளி அண்ணனின் கேன்சலை மட்டும் காட்டி அனுப்பினார். அதன் பிறகுதான் நான் கம்ப்யூட்டரில் அதற்குக் கீழே பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலை தம்பியின் ஆர்டரை நான் கேன்சல் செய்தது அங்கே இருந்தது. முதலாளியிடம் சொன்னேன். "போன உசுரு திரும்பவா போவுது? வாய மூடிக்கிட்டு வேலையப் பாரும்மா" என்றார். இரண்டு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

இன்று காலை இங்கே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே இருக்கும் மகனுக்கு என்றார். பிறகு, நான் கேட்காமலே, பெரியவனிடம் தம்பி மிஷின் போட்டதைச் சொன்னது தான்தான், தன் வாயால்தான் எல்லாம் போயிற்று என்றார். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. நான் யார் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அப்ப பெரியவன் சொன்னது நிஜம்தானா?" என்று கேட்டார். ஆமாம்மா என்றேன். வெகு நேரம் டப்பாவின் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தார். அதன் பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத சின்னவன் காதுல போட்டுடாதம்மா. அண்ணன் கெட்டவன்னு நெனச்சிக்கிட்டே உள்ள இருக்கட்டும். தெரிஞ்சா அவன் உசுர வச்சிக்க மாட்டான். எனக்குன்னு அவன் ஒருத்தன்தான் இருக்கான்" என்றார். அதற்குள் ஆய்வாளர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

இந்த வாக்குமூலம் கோர்ட்டில் வாசிக்கப்படுமா என்று ஆய்வாளரிடம் கேட்டேன். வாசிப்பார்கள், தம்பியும் கூண்டில் நின்று கேட்பான் என்றார். வேண்டாமென்றால் இப்போதே எழுந்து போகலாம் என்றும் சொன்னார். செத்துப்போன மூத்த மகனுக்காகப் பேச வேறு ஆள் இல்லை. அதனால் எழுந்து போகாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

எழுதியதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. மிரட்டியோ ஆசை காட்டியோ யாரும் என்னைச் சொல்ல வைக்கவில்லை. வெளியே போக ஒரே வழிதான் இருக்கிறது, அந்த அம்மா இன்னும் பெஞ்சில்தான் இருக்கிறார் என்பதால், கையெழுத்துப் போட்ட பிறகும் சிறிது நேரம் இங்கேயே உட்கார அனுமதி கேட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
கேன்சல் பிரிவு ஊழியர்