ஓய்வு கேட்டவர்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் டாக்டர் இருளப்பசாமி அவர்களே, அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரிகளே, மருந்தகத்தைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் கால்நடை மருத்துவர்களே, ஆய்வாளர்களே, உதவியாளர்களே, ஆட்டையும் மாட்டையும் யாரிடமோ ஒப்படைத்துவிட்டுத் திருச்சுழியிலும் நரிக்குடியிலும் பஸ் ஏறி இந்தப் பாளையம்பட்டி மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும் என் சகோதரி, டாக்டர் அருஞ்சுனையின் மனைவி தங்கலட்சுமி அவர்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட மட்டும் வந்து கதவுப் பக்கம் நிற்கிறவர்களுக்கும் வணக்கம். நீங்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

என் பெயர் ஞானையா. இருபத்தாறு வருடமாகக் கால்நடை மருத்துவன். சந்தேகம் ஞானையா என்றால்தான் உங்களில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரியும். செத்த மாட்டுக்கு இன்சூரன்ஸ் கேட்டு ஒருவர் அதன் காதில் மாட்டியிருந்த அடையாள வில்லையை மட்டும் கொண்டுவந்தால், காது எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறவன் நான். காதையும் கொண்டுவந்தால், மாடு எங்கே என்பேன். என் மனைவி ஹெப்சிபா வைக்கிற குழம்பில் உப்பு சரியாக இருந்தால்கூட, இன்றைக்கு என்ன விசேஷம் என்று யோசிக்கிற ஆள். இப்படிப்பட்டவனை இரங்கல் கூட்டத்தில் பேசவைத்தது யாருடைய யோசனை? அதிலும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது.

நாம் கூடியிருப்பது யாருக்காக? வேப்பங்கமடை கால்நடை மருந்தகத்தின் உதவி மருத்துவர் டாக்டர் அருஞ்சுனைக்காக! நாற்பத்தொரு வயதில் நம்மை விட்டுப் போன அருஞ்சுனைக்காக! பதினாறு நாளைக்கு முன்னால், பகல் பன்னிரண்டரை மணிக்கு, நரிக்குடிப் பக்கம் ஒரு மாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, வளைவே இல்லாத ரோட்டில் பைக்கோடு புளியமரத்தில் மோதி இறந்துபோன நம்முடைய அருஞ்சுனைக்காக!

பட்டப்பகல். நேர் ரோடு. எதிரே வண்டி இல்லை. பிறகு எப்படி மோதினார்? பத்துப் பேரைக் கேட்டால் பத்துக் கதை வருகிறது. "டாக்டரு தண்ணியப் போட்டுட்டு ஓட்டிருப்பாருப்பா" என்று டீக்கடையில் சொன்ன ஒருவர் இங்கே சந்தன மாலையோடு வந்திருக்கிறார். ஐயா, பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது. ஒரு சொட்டுகூட இல்லை. மாலையை வைத்துவிட்டு மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போங்கள். ஆடு குறுக்கே வந்திருக்கும் என்றார்கள். நான் போய்ப் பார்த்தேன், அந்த இடத்தில் ஒரு புழுக்கைகூடக் கிடையாது. அன்று விடிவதற்கு முன்பே எழுந்த மனிதர், பன்னிரண்டரைக்குள் மூன்று ஊர் பார்த்திருக்கிறார். கண் அசந்திருப்பார் என்று நான் நினைக்கிறேன். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி யாரும் பேச வேண்டாம்.

அவர் எப்படிப்பட்டவர்? என்னைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் அவர். நான் யாரையும் நம்ப மாட்டேன், அவர் எல்லோரையும் நம்புவார். நாலாவது வரிசையில் ராக்கம்மாள் அம்மா இருக்கிறார். எண்பது ஆடு வைத்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு முகாமில் எங்கள் இரண்டு பேரிடமும் வந்து நின்றார்.

"மூணு ஆடு கூட்டத்தோட சேராம தனியா நிக்குதுய்யா" என்றார்.

"இரை எடுக்குதா?" என்றேன் நான். எடுக்கிறது என்றார். "அசை போடுதா?" போடுகிறது என்றார். "அப்ப ஒண்ணுமில்ல, போங்க" என்றேன். ஏதோ மானியத்துக்கு அடிபோடுகிறார் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

அருஞ்சுனை என்ன செய்தார்? "அவுக சொன்னா ஏதாவது இருக்கும்ணே" என்றார். மறுநாள் காலையில் முதல் வேலையாகப் போய் அந்த மூன்று ஆட்டுக்கும் சூடு பார்த்திருக்கிறார். மூன்றுக்கும் காய்ச்சல்! மூன்றையும் தனியாகக் கட்டச் சொல்லிவிட்டு, மிச்சத்துக்கெல்லாம் அன்றைக்கே ஊசி போட்டார். நாலு நாளில் அந்தப் பக்கம் முழுக்க ஆட்டுக்கொல்லி நோய் பரவியது. அடுத்த ஊரில் பட்டி பட்டியாகக் காலியானது. ராக்கம்மாள் அம்மாவுக்குப் போனது ஒரே ஒரு ஆடு. அருஞ்சுனையிடம் என்னைவிட அதிகப் படிப்பு இருந்ததா? கிடையாது. அந்த அம்மா சொன்னதை நம்பினார், அவ்வளவுதான்.

அந்த நல்ல மனிதரின் தலையில் நாம் எதை ஏற்றினோம்? சொந்த மருந்தகம் ஒன்று, கூடுதல் பொறுப்பு என்று இரண்டு. ஆக மூன்று மருந்தகத்துக்கு ஓர் ஆள். வெயில் ஏறுவதற்குள் தடுப்பூசி, பிறகு சினை ஊசி, பிறகு அத்தனையையும் செல்போனில் பதிவு, நடுவில் ஓயாமல் அழைப்பு. எந்த ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் அவரிடம் ஒரே பதில், "வந்துக்கிட்டே இருக்கேன்." ஒரே நேரத்தில் மூன்று ஊருக்கு வந்துகொண்டே இருந்தவர் அவர். வெறிநாய் கடித்த பசு ஒன்றை, வீட்டுக்காரர்கள் அழ அழ, ஊசி போட்டு முடித்துவைத்துவிட்டு, அடுத்த தெருவில் போய் அதே கையால் கன்று எடுத்திருக்கிறார். கன்று பிறந்த வீட்டில் சிரிக்க வேண்டுமே! சிரித்திருக்கிறார். ஒரு முறை, வர லேட்டாகி மாடு செத்துப்போனதற்கு, சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டார்கள். பொத்தான் இரண்டு தெறித்துவிட்டது. மறுவாரம் அதே வீட்டுக் கன்றுக்குப் பூச்சி மருந்து கொடுக்கப் போய் நின்றார். எவ்வளவு பெரிய மனது என்று நாம் மெச்சினோம். பொத்தான் தெறித்த அன்றைக்கு அவர் சாப்பிட்டாரா என்று நம்மில் எவராவது கேட்டோமா? நான் கேட்கவில்லை.

இந்த இடத்தில் தலைவர் எனக்குத் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். 'சுருக்கவும்' என்று எழுதியிருக்கிறது. தலைவர் அவர்களே, இனி நான் சொல்லப்போவது யாருக்கும் பிடிக்காது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? சுருக்க மாட்டேன். நீங்களும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எனக்குப் பின்னால் ஒரு பேனர் கட்டியிருக்கிறார்கள். அருஞ்சுனையின் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் 'ஓய்வறியா உழைப்பாளி' என்று போட்டிருக்கிறது. இன்றைக்கு நிறைவேற்றப்போகிற தீர்மானத்திலும் அதே வார்த்தைதான். வந்ததிலிருந்து எனக்கு அந்த வார்த்தைமேல்தான் சந்தேகம். ஓய்வறியாதவரா? அருஞ்சுனையா? அவர் ஓய்வு கேட்டார் ஐயா! வாயைத் திறந்து கேட்டார், எழுதியும் கேட்டார். கொடுக்காதவர்கள் நாம். கொடுக்காமல் இருந்துவிட்டு, ஓய்வே அவருக்குப் பிடிக்காது என்பது போல எழுதி மாட்டியிருக்கிறோம். இது யாரைக் காப்பாற்றுவதற்கு எழுதிய வார்த்தை? அலுவலகத்தையா? சங்கத்தையா? என்னையா?

என்னைத்தான். சொல்கிறேன், கேளுங்கள்.

கோமாரித் தடுப்பூசி முடிந்த சமயம், திருச்சுழியில் ஒரு கூட்டம் முடிந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். அருஞ்சுனை என் பக்கத்தில் வந்தார்.

"முடியலண்ணே. போன் அடிச்சாலே கை நடுங்குது. மருந்தக வாசல்ல வண்டிய நிப்பாட்டிட்டு எறங்காம அப்படியே உக்காந்திருக்கேன். எறங்க மனசு வரமாட்டேங்குது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு மட்டும் என்னப்பா, குளுகுளுன்னா இருக்கு? எல்லாருக்கும்தான் நடுங்குது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? தம்பி அடிபோடுகிறார் என்று நினைத்தேன். அவருடைய கூடுதல் பொறுப்பில் ஒன்றைக் கழற்றி என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. டாக்டர் அருஞ்சுனை பதினைந்து நாள் மருத்துவ விடுப்புக் கேட்கிறார், கடுமையான முதுகுவலி என்று சான்றிதழ் வைத்திருக்கிறார், அவருடைய பொறுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தின நாள்தான் பாலவனத்தம் பக்கம் பள்ளத்தில் விழுந்த ஒரு கிடாரியை அவரும் நானும் நாலு பேரும் சேர்ந்து கயிறு போட்டுத் தூக்கியிருந்தோம். முன்னால் நின்று இழுத்தவர் அருஞ்சுனை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குஷி.

"முதுகுவலியா சார்? நேத்து கிடாரியத் தூக்குறப்ப அந்த வலி எங்க போச்சாம்?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான். மருத்துவக் குழு முன்னால் ஆஜராகு, இல்லையென்றால் வேலைக்கு வா என்று அவருக்குக் கடிதம் போனது. அருஞ்சுனை விடுப்பை வாபஸ் வாங்கிக்கொண்டு மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். வழியில் என்னைப் பார்த்தபோது, "முதுகு சரியாயிருச்சுண்ணே" என்று சிரித்தார். யார் சொன்னது என்று அவருக்குத் தெரியுமா? தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பிறகு மூன்று வாரம்தான் அவர் இருந்தார்.

காரியம் முடிந்த பிறகு, குடும்பத்துக்கு வர வேண்டிய பணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று தங்கலட்சுமி அவர்கள் ஒரு ஃபைலை என்னிடம் கொடுத்தார். அதற்குள் மதுரையில் ஒரு மனநல மருத்துவர் எழுதிய சீட்டு இருந்தது. தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு, கட்டாய ஓய்வு தேவை என்று எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன். முதுகுவலிச் சான்றிதழுக்கு இரண்டு நாள் முந்தின தேதி. இதை இங்கே சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். "சொல்லுங்கண்ணே, இனி யாருக்கு மறைக்கணும்?" என்றார்.

"இதையே வெச்சு லீவு கேட்டிருக்கலாமேம்மா" என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னார்: "நானும் அதத்தாண்ணே சொன்னேன். மனசுக்கு மருந்து சாப்புடுறவன நம்பி யாரு மாட்டப் பிடிச்சுக் குடுப்பாகன்னு கேட்டாக. வேற டாக்டர்ட்டப் போயி முதுகுவலின்னு எழுதி வாங்கிட்டு வந்தாக."

முதுகுவலி பொய்தான் ஐயா. நான் சந்தேகப்பட்டது சரிதான். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பொய்யைப் பிடித்திருக்கிறேன், இதையும் சரியாகப் பிடித்தேன். ஆனால் அந்த மனிதர் ஏன் பொய் சொல்கிறார் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. வாயில்லாத சீவன் சொல்லாததையெல்லாம் கண்ணைப் பார்த்து, மூக்கைப் பார்த்து, சாணத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற தொழில் நம்முடையது. வாயுள்ள ஒரு மனிதர், என் பக்கத்தில் நின்று, முடியவில்லை என்று தமிழில் சொன்னார். எனக்குப் புரியவில்லை!

இன்று காலையில் தங்கலட்சுமி அவர்கள் வீட்டுக்குப் போய், அலுவலகத்தில் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க ஒண்ணும் இல்லாததச் சொல்லலையேண்ணே" என்றார். பிறகு, "எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். காப்பி கொண்டுவந்து வைத்தார்.

எனவே தலைவர் அவர்களே, தீர்மானத்தில் 'ஓய்வறியா' என்ற வார்த்தையை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 'ஓய்வு கேட்டும் கிடைக்காத' என்று போடுங்கள். போட முடியாது என்றால் அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடுங்கள். அந்த வார்த்தை இருக்கிற தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இரங்கல் கூட்டம் என்றால் கடைசியில் உறுதி எடுப்பது வழக்கம். அன்னார் விட்டுச்சென்ற பணியைத் தொடர்ந்து செய்வோம் என்று எல்லோரும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். எந்தப் பணியை? மூன்று ஊருக்கு ஓர் ஆளாக ஓடுகிற பணியையா? கை நடுங்க நடுங்க "வந்துக்கிட்டே இருக்கேன்" என்று சொல்கிற பணியையா? அதைத் தொடர்வோம் என்று சொல்லச் சொன்னால் நான் உட்கார்ந்துகொள்வேன். இங்கே இருக்கிற சின்ன வயது மருத்துவர்களே, நீங்களும் எழுந்திருக்காதீர்கள். ராக்கம்மாள் அம்மா சொன்னதை நம்பினாரே, அந்தப் பணியைத் தொடரலாம். அதற்கு மட்டும் நான் எழுந்து நிற்கிறேன்.

நேற்று மதியம் எனக்கு மறுபடியும் ஒரு போன் வந்தது. ஒரு மருத்துவர் பத்து நாள் விடுப்புக் கேட்கிறார். அவர் பொறுப்பை நான் பார்த்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார்கள். யார் என்று சொல்ல மாட்டேன். ஆணா பெண்ணா, எந்த ஊர் என்றும் சொல்ல மாட்டேன். திரும்பித் திரும்பிப் பார்க்கிறவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன், முன்னால் பாருங்கள்! காரணம், காய்ச்சல் என்று எழுதியிருக்கிறதாம். எத்தனை டிகிரி, எந்த டாக்டர் சான்று கொடுத்தார், நேற்று முன்தினம் அந்த ஆளை எங்கே பார்த்தோம் என்று வழக்கம்போல என் மண்டைக்குள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நான் ஒன்றையும் கேட்கவில்லை. அலுவலகத்துக்கே போய், சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நானும் மனிதன்தான். எனக்கும் ஒருநாள் முடியாமல் போகலாம். அப்போது முதுகுவலி, காய்ச்சல் என்றெல்லாம் எழுத மாட்டேன். மனது சரியில்லை என்றே எழுதுவேன். அதிகாரிகள் இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

விடுப்புக் கேட்டவரே, நீங்கள் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள். நாளைக் காலை எட்டு மணிக்கு உங்கள் மருந்தகத்தைத் திறந்து நான் உட்கார்ந்திருப்பேன். பத்து நாளில் சரியாகவில்லை என்றால் இன்னும் பத்து நாள் கேளுங்கள். போனை அணைத்து வையுங்கள். போய்த் தூங்குங்கள்.