நாற்பத்தொன்றாம் ஆணி

உங்கள் சுவர்க்கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. வந்து உட்கார்ந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த அறையில் மூன்று பேர் வேலை பார்க்கிறீர்கள். ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. ஒரு ஸ்டூல் கொடுத்தால் நானே ஏறிச் சரிசெய்து விடுவேன். வேண்டாமென்றால் விடுங்கள். உங்கள் கடிகாரம், உங்கள் இஷ்டம்.

எழுதிக்கொள்பவருக்காக மெதுவாகவே சொல்கிறேன். நீங்கள் கேட்டது ஏன் என்று. அதற்கு முன்னால் என் வேலை என்னவென்று உங்களுக்குப் புரிய வேண்டும். நேற்று உங்கள் ஆள் ஒருவர் என்னை "சைக்கிள் ரேஸ் நடத்துறவரு" என்று போனில் யாரிடமோ சொன்னார். சமையல்காரரை அடுப்பு பற்றவைப்பவர் என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

மலைப்பாதைப் பந்தயம். நூறு கிலோமீட்டர். சாலை கிடையாது, காடு, பாறை, ஓடை, ஒற்றையடிப் பாதை. காலை ஏழு மணிக்கு நூற்றிருபது பேர் புறப்படுவார்கள், மாலை ஐந்து மணிக்குத் தடம் மூடப்படும். வழியில் ஐந்து சாவடிகள். ஒவ்வொரு சாவடிக்கும் ஒரு கெடு நேரம் உண்டு. அதற்குள் வராதவர் அங்கேயே நிறுத்தப்படுவார். கைதட்டலெல்லாம் ஓட்டுகிறவர்களுக்குத்தான். இருக்கட்டும். ஆனால் யார் எந்த ஓடையை எத்தனை மணிக்குக் கடப்பார், ஆம்புலன்ஸ் எந்த வளைவில் நிற்க வேண்டும், தண்ணீர் கேன் எப்போது காலியாகும், இவையெல்லாம் என் அட்டவணையில் இருக்கும். ஆளுக்கு ஒரு வரி. அவரவருடைய பழைய ஓட்டங்களைப் பார்த்து, சாவடிக்குச் சாவடி எத்தனை மணிக்கு வருவார் என்று முன்கூட்டியே கணித்து எழுதிவிடுவேன். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்துக்குமேல் தப்பாது. பதினொரு வருடம் இதைச் செய்திருக்கிறேன்.

ஆணிப் பலகையும் என் யோசனைதான். முதல் வருடம் ஒரு பெண் ஓடையில் விழுந்து கால் பிசகி, எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகும் தனியாகக் கிடந்தார். அதன் பிறகுதான் பலகை செய்தேன். சைக்கிளில் மாட்டும் எண் அட்டையின் அடியில் ஒரு துண்டு இருக்கும். பந்தயத்தை முடித்தாலும் சரி, பாதியில் விலகினாலும் சரி, அந்த அடித்துண்டைக் கிழித்துப் பலகையில் அவருடைய ஆணியில் மாட்ட வேண்டும். நூற்றிருபது ஆணி. ஒரு ஆணி காலியாக இருந்தாலும் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது, காட்டுக்குள் தேடப் போக வேண்டும். எல்லா ஆணியும் நிறைந்துவிட்டால் பந்தயம் முடிந்தது. பலகையின் பொறுப்பு என் தங்கைக்கு. ஆரம்பத்திலிருந்தே அவள்தான்.

இனி அவள் கணவரைப் பற்றி.

அவர் பல் டாக்டர். பத்து மணிக்கு வரச் சொன்னவரைப் பதினொன்றரைக்குப் பார்ப்பார். ஒன்றரை மணி நேரம் வலியோடு காத்திருந்தவர்களும் வெளியே வரும்போது அவர் சொன்ன ஜோக்கைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போவார்கள். எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். எல்லோருக்கும் பிடித்த மனிதர்கள்மீது எனக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் கிடையாது. தன் கல்யாணத்துக்கே நாற்பது நிமிடம் தாமதமாக வந்தார். என் தங்கை அதை இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள்.

பந்தயத்திலும் அவர் அப்படித்தான். ஆறு வருடமாகக் கலந்துகொண்டார், ஆறு வருடமும் கடைசி. உடம்பில் வலு இல்லாமல் இல்லை. வழியில் யாருக்காவது டியூப் பஞ்சர் என்றால் இறங்கி ஒட்டிக்கொடுப்பார். யாருக்காவது தசைப்பிடிப்பு என்றால் உட்கார்ந்து காலைத் தேய்த்துவிடுவார். சாவடியில் வாழைப்பழம் உரித்துக்கொண்டு நலம் விசாரிப்பார். போன வருடம் நான்காம் சாவடிக்கு நாற்பது விநாடி தாமதமாக வந்தார். நான் அவருடைய அடித்துண்டைக் கிழித்துக்கொண்டேன்.

"மச்சான், நாப்பது செகண்டு. தும்மினாலே போயிடும்" என்றார்.

"தும்மாம வந்திருக்கணும் மாப்பிள்ளை" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும். சிரித்துக்கொண்டே ஜீப்பின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். கோபமெல்லாம் தங்கைக்குத்தான். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தது நான். காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் உட்கார்ந்து மருந்து வேளை தவறாமல் கொடுத்தது நான். நாற்பது விநாடிக்காக மூன்று வாரம்.

இந்த வருடம் பந்தயத்துக்கு ஒரு மாதம் முன்னால் கமிட்டிக் கூட்டம் நடந்தது. அடுத்த வருடத்திலிருந்து கெடு நேரமே வேண்டாம், கடைசி ஆள் வரும்வரை தடம் திறந்திருக்கட்டும் என்று ஒரு யோசனை வைத்தார் மாப்பிள்ளை. நான் எழுந்து, தெளிவாக, குரலை உயர்த்தாமல் காரணங்களைச் சொன்னேன். ஆம்புலன்ஸ், வெளிச்சம், காவலர்களின் களைப்பு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"மச்சான் பந்தயம் நடத்தலைங்க, ரயில் விடுறாரு. ரயில்கூட ஸ்டேஷன்ல ரெண்டு நிமிஷம் நிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. என் தங்கையும் சிரித்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள். அடுத்த வருடம் முதல் அட்டவணைப் பொறுப்பு மாப்பிள்ளைக்கு. என்னைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொன்னார் தலைவர். "எவ்வளவு காலம்தான் நீங்களே சுமப்பீங்க?" என்று கேட்டார். நான் சுமையாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு அவர்மீது வன்மம் இருந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதைத் தலைகீழாகவே என்னால் படிக்க முடிகிறது. அதை அடித்துவிடுங்கள். நான் செய்ய நினைத்தது ஒரு சின்னச் செயல்விளக்கம்தான். ஒரு ஆள் வழிதவறி இருபது நிமிடம் தாமதமானால் மொத்தப் பந்தயமும் என்ன ஆகும் என்பதை அவர்கள் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

நான்காம் சாவடிக்கும் ஐந்தாம் சாவடிக்கும் நடுவில், தைல மரங்கள் முடியும் இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் எங்கள் தடம். இடது பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் போகிறது. பிரிவில் ஒரு கம்பம், அதில் ஒரு அம்புப் பலகை. ஒரே ஆணியில்தான் நிற்கும், விரலால் திருப்பலாம். இடது பாதையின் குறுக்கே சிவப்பு வெள்ளை நாடா கட்டுவது வழக்கம். இந்த வருடம் கட்டவில்லை. நாடா எங்கள் தடத்துக்கு உரியது. குவாரி எங்கள் தடத்தில் இல்லை. அதில் தவறு காண முடியாது.

மாப்பிள்ளைக்கு முன்னால் வருபவர் தபால்காரப் பெண்மணி. மூன்று நாற்பத்தெட்டுக்குக் கம்பத்தைக் கடப்பார் என்று போட்டிருந்தேன்; மூன்று ஐம்பதுக்குக் கடந்தார். எனக்குக் கையசைத்தார். அவர் வளைவில் மறைந்ததும் அம்பைத் திருப்பினேன். ஜீப்பை மரங்களுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன். கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் எங்கள் ஆள் ஒருவர் எப்போதும் வருவார். அவரை நாங்கள் வால் என்போம். வாலை வாக்கி டாக்கியில் கூப்பிட்டு, நான்காம் சாவடியில் நின்று மிச்சக் கேன்களை எண்ணிவிட்டு வரச் சொன்னேன். பத்து நிமிட வேலை.

நான்கு ஆறுக்கு வர வேண்டிய மாப்பிள்ளை நான்கு எட்டுக்கு வந்தார். எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தார். அம்பைப் பார்த்தார். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. என் அம்புகளை யாரும் சந்தேகிப்பதில்லை, ரயில் விடுகிறவர் என்று கேலி செய்தவர் உட்பட. இடது பக்கம் இறக்கம். பிரேக்கைத் தொடாமல் போனார். நான் அம்பை மீண்டும் வலப்பக்கம் திருப்பினேன்.

விசில் நான்கு பதினொன்றுக்குக் கேட்டது. ஆபத்து என்றால் மூன்று முறை ஊத வேண்டும் என்பது விதி. ஒவ்வொருவரும் கழுத்தில் விசில் மாட்டியிருக்க வேண்டும் என்பதும் விதி. இரண்டும் நான் போட்டவை. அவர் சரியாக மூன்று முறை ஊதினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றினார்.

சற்று நேரத்தில் வால் வந்தார். சைக்கிளை நிறுத்தி, "சார், விசில் சத்தம் கேக்குதே?" என்றார்.

"நான்தான் ஊதிப் பாத்தேன். சரியா இருக்கான்னு."

"நாப்பத்தொண்ணு எங்க? முன்னாடி ஆளையே காணோம்."

"வயிறு சரியில்லையாம், விலகிட்டாரு. நம்ம வண்டியில ஏத்தி அனுப்பிட்டேன். நீ கிளம்பு, நேரமாகுது."

அவர் கிளம்பினார். என் சட்டைப்பையில் நாற்பத்தொன்றின் அடித்துண்டு இருந்தது. அச்சகத்தில் அந்த ஒரு எண்ணை மட்டும் இரண்டாக அடிக்கச் சொல்லியிருந்தேன். ஏன் என்று நேற்றே கேட்டீர்கள். ஒருவேளை அவர் தொலைந்துபோனால் ஒரு ஆணி காலியாக நிற்கும். பார்க்க நன்றாக இருக்காது.

ஐந்து மணிவரை நான் அந்தப் பிரிவில் நின்றேன். அட்டவணைப்படி நான் நிற்க வேண்டிய இடம் அது. விசில் கேட்ட நேரங்களையெல்லாம் நோட்டில் எழுதினேன். நான்கு பதினான்கு, நான்கு இருபது, நான்கு முப்பத்தொன்று. நான்கு ஐம்பத்திரண்டுக்குக் கேட்டது விசில் இல்லை, குரல். மச்சான் என்று கூப்பிட்டார். நான் அங்கே இருப்பது தெரிந்து கூப்பிட்டாரா, இந்த வருடம் அங்கே காவல் நான்தான் என்ற நினைப்பில் கூப்பிட்டாரா, தெரியவில்லை. ஐந்து மணிக்குத் தடம் மூடப்பட்டது. நோட்டையும் மூடினேன்.

பலகையில் அடித்துண்டை நானே மாட்டினேன். நூற்றிருபதும் நிறைந்தன. தங்கையிடம் அவர் விலகி வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னேன். அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஆறரை மணிக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, இவர் இன்னும் வரலையே?"

"அவரு எப்போ நேரத்துக்கு வந்திருக்காரு?" என்றேன்.

அவள் சிரித்தாள். "அதுவும் சரிதான்" என்று சொல்லி வைத்துவிட்டாள். யோசித்துப் பார்த்தால் அவரை மீட்க இருந்த கடைசி வாய்ப்பு அந்தச் சிரிப்பில்தான் போனது. அந்தப் பங்கை யாரும் அவளிடம் கேட்கப் போவதில்லை. பிறகு இன்னும் மூன்று முறை கூப்பிட்டாள். கிளினிக்குக்குப் போயிருப்பார் என்றேன், நண்பர்களோடு இருப்பார் என்றேன். எல்லாமே அவர் செய்யக்கூடியவைதான்.

மறுநாள் காலை அவள் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பந்தயத்துக்கு முந்தின நாள் மழை பெய்திருந்தது. நூற்றுப் பத்தொன்பது துண்டுகளிலும் சேறு அப்பியிருந்தது.

"இதுல மட்டும் ஏன் சேறே இல்ல?" என்று கேட்டாள். அண்ணா என்று சொல்லவில்லை.

எதையும் வரிசையாகப் பார், மாறுபட்டது தானாகத் தெரியும் என்று சின்ன வயதில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். உண்மையில் எனக்கு அந்த நிமிடம் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் துண்டை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்தாள்.

குவாரிப் பள்ளத்தில் கிடந்தவருக்குத் தொடையும் இடுப்பும் உடைந்திருந்தன என்றும், அவர் கையில் கட்டியிருந்த கடிகாரம் மாலை ஆறு ஐம்பதுவரை நாடித்துடிப்பை எண்ணியிருக்கிறது என்றும் சொன்னீர்கள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள்? கெடு ஐந்து மணி. நூற்றிருபது பேருக்கும் அதே ஐந்து மணிதான்.

சாகடிக்க நினைக்கவில்லை என்று முதல் நாளே சொன்னேன். இருபது நிமிடத் தாமதம், அவ்வளவுதான் என் திட்டம். நேற்றுவரை அதை நானும் நம்பினேன். பிறகு நீங்கள் அந்த அட்டவணையை மேஜைமேல் விரித்தீர்கள். பந்தயத்துக்கு நான்கு நாள் முன்னால், புதன்கிழமை, என் மேஜையில் உட்கார்ந்து நிதானமாக நான் தட்டச்சு செய்தது. நூற்றுப் பத்தொன்பது பேருக்கும் ஐந்தாம் சாவடிக்கு வரும் நேரம், முடிக்கும் நேரம் எல்லாம் போட்டிருக்கிறேன். நாற்பத்தொன்றின் வரியில் நான்காம் சாவடிக்குப் பிறகு ஒரு கோடு மட்டும் இருக்கிறது. இருபது நிமிடம் தாமதமாக வரப்போகிறவருக்கு இருபது நிமிடம் கூட்டிப் போட்டிருப்பேன்.

கை தவறியிருக்கலாம் இல்லையா என்று உங்கள் எழுத்தர் கேட்டார். நல்ல மனிதர், எனக்கு ஒரு வழி காட்டுகிறார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்: பதினொரு வருடத்தில் என் அட்டவணையில் ஒரு பிழைகூட வந்ததில்லை.